எண்ணெய் வாங்காத பெண்

6

"அது என் மோளு இல்ல தம்பி. அவ வேஷத்துல வேற யாரோ வர்றாங்க."

ஷார்ஜாவில் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஜுமைலா கிசுகிசுத்தது, மட்டாஞ்சேரியில் உட்கார்ந்திருந்த வீரபாண்டியின் காதுக்குள் ஐஸ் துண்டு போல இறங்கியது. அவன் இயர்போனைச் சரிசெய்துகொண்டான். எதிரே டி.வி. திரை முழுக்கப் பனிமூட்டம். கையில் கன்ட்ரோலர். உள்ளங்கை ஈரத்தில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது.

மணி மூன்று ஐம்பது. நான்கு மணிக்கு லமியா வருவாள். அல்லது லமியா இல்லாத அது வரும்.

பயம் வந்தால் வீரபாண்டிக்கு வாய் நிற்காது.

"அக்கா, போன மாசம் ஒரு பூனையைத் தேடினோமே, எவ்வளவு நல்ல கேஸு அது."

"அது உன்னைக் கடிச்சுது," என்றாள் சங்கரி.

"கடிச்சுது. ஆனா அது பூனைதான்னு தெரியுமில்ல?"

சங்கரி சிரிக்கவில்லை. பஜார் ரோட்டில் ஒரு குடைக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் அவள். நாற்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூக்கு நுனிக்கு இறங்கி நிற்கும் கண்ணாடி. வீரபாண்டி, கம்பத்திலிருந்து எர்ணாகுளத்துக்குப் பரோட்டா அடிக்க வந்து, எப்படியோ அவளுடைய உதவியாளன் ஆனவன்.

விஷயம் இதுதான். லமியாவுக்குப் பதினெட்டு வயது. அப்பா இல்லை. அம்மா ஜுமைலா ஷார்ஜாவில் வீட்டுவேலை. இப்போது அவர்கள் உட்கார்ந்திருக்கும் இந்தப் பழைய வீடு ஜுமைலாவின் பெயரில் இருக்கிறது. லமியாவோடு அவளுடைய சாச்சா, அதாவது அப்பாவின் தம்பி பஷீர், காவலுக்கு இருக்கிறார். நான்கு நாட்களுக்கு முன்னால், சாயங்காலம், போட்டிருந்த துணியோடு லமியா காணாமல் போனாள். போன் மேஜை மேலேயே கிடந்தது.

அம்மாவும் மகளும் தினம் நான்கு மணிக்குச் சேர்ந்து விளையாடுகிற ஒரு வீடியோ கேம் உண்டு. அம்மா அங்கே போனில், மகள் இங்கே டி.வி.யில். 'ஏழுவிளக்குத் தீவு' என்ற மூன்று பாகப் படம் தமிழிலும் மலையாளத்திலும் குரல் மாற்றி வந்து சக்கைப்போடு போட்டதே, அந்தப் படத்தை வைத்துச் செய்த கேம். லமியா காணாமல் போன மறுநாளிலிருந்து மூன்று நாளும், சரியாக நான்கு மணிக்கு, அவளுடைய உருவம் அந்த விளையாட்டுக்குள் வந்தது. பேசவில்லை. அம்மாவின் உருவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே இடத்துக்குப் போய்ச் செத்தது.

"அந்தக் கேமை அவ பதினோரு தடவை முடிச்சிருக்கா," என்றாள் ஜுமைலா. "சின்னப் பசங்ககூடச் சாகாத இடம் அது. எம் மோளு அங்க சாகமாட்டா."

அதனால்தான் இன்று ஜுமைலாவின் பெயரில், ஜுமைலாவின் பாஸ்வேர்டில், வீரபாண்டி விளையாட உட்கார்ந்திருந்தான். சங்கரிக்கு டி.வி. ரிமோட்டே தகராறு. வீரபாண்டியோ மூன்று பாகத்தையும் தியேட்டரில் பார்த்தவன். மூன்றாவதை நான்கு தடவை.

"எந்தா, குட்டி வந்தாளா?"

பஷீர் சாயாத் தட்டோடு உள்ளே வந்தார். அறையில் சுக்கு வாசனை பரவியது. அவருடைய சட்டையிலிருந்து வந்த வாசனை. கீழே இறங்கிப் பத்தடி நடந்தால் அவருடைய சுக்கு, மிளகுக் கோடௌன். நெடுநெடுவென்று உயரம், நரைத்த தாடி, அன்பான பேச்சு. சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குத்தூசி நின்றது. சாக்கைக் குத்திச் சரக்கை வெளியே இழுத்துப் பார்க்கிற கூர்மையான இரும்புக் குழல்.

"இன்னும் வரலை பாய்," என்றான் வீரபாண்டி. கொடுத்த சாயாவை ஒரே மடக்கில் குடித்தான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அது மூன்றாவது.

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே பாய்?" சங்கரி கேட்டாள்.

"பெண்குட்டி விஷயமல்லே மேடம். வெளிய சொன்னா பேரு கெட்டுப்போகும்." பஷீர் கட்டிலில், வீரபாண்டிக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். "எனக்கு ஆளு யாருன்னு தெரியும். நம்ம கோடௌன்ல சாக்கு சொமக்கற ஹரிஷங்கர்னு ஒரு பாலக்காட்டுக்காரன். அவனையும் அன்னிக்கிலிருந்து காணலை. எங்கேயிருக்காங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க. பாக்கி நான் பார்த்துக்கறேன்."

பாக்கி நான் பார்த்துக்கறேன். நல்ல வார்த்தைதான். ஆனால் வீரபாண்டி ஏனோ அரை அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

நான்கு மணி அடித்தது.

திரையில் பனி விலகியது. ஆற்றோரப் பாதையில், கையில் விளக்கோடு, வெள்ளை முக்காடு போட்ட ஓர் உருவம் வந்தது. தலைக்கு மேலே 'வெள்ளிமீன்' என்ற பெயர். லமியா தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

"வந்துட்டா," என்று காதுக்குள் அழுதாள் ஜுமைலா. "பாருங்க தம்பி, நிக்காமப் போறா. என்னைப் பார்த்து எம் மோளு நிக்காமப் போவாளா?"

வெள்ளிமீன் நிற்காமல் போனது. வீரபாண்டி பின்னால் ஓடினான். அவசரத்தில் பொத்தான் மாறியதில், திரையில் ஜுமைலாவின் உருவம் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு திரும்பியது.

"அக்கா, இந்தத் தீவுல ஆளுக்கு ஒரு விளக்கு," என்று மூச்சுவிடாமல் சொன்னான். "எண்ணெய் குறைஞ்சுக்கிட்டே வரும். அணைஞ்சா பனி வந்து முழுங்கிடும். எண்ணெய் கிடைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணு. அதோ, படகுத் துறையில அந்தக் காவலன் வீடு. அவன்தான் எல்லாருக்கும் ஊத்துவான். நல்ல மனுஷன்."

"இவ எங்கே சாகறா?"

"அவன் வாசல்ல."

வெள்ளிமீன் துறைக்காவலனின் வாசலில் போய் நின்றது. பின்னால் ஆறு, மணல்திட்டு, ஒரு பாலம். கதவு திறந்தது. தாடிவைத்த காவலன் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் குடுவையை நீட்டினான். ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விளக்கு நிரம்பிவிடும்.

வெள்ளிமீன் வாங்கவில்லை. ஓர் அடி பின்னால் வந்து நின்றது. விளக்குச் சுடர் சுருங்கத் தொடங்கியது.

"கேம் ஆடத் தெரியாத எவனோதான் ஆடறான்," என்றார் பஷீர், பின்னாலிருந்து. "அந்த ஹரிஷங்கராத்தான் இருக்கும்."

அப்படித்தான் வீரபாண்டியும் நினைத்தான், மூன்று விநாடிக்கு. தெரியாதவன் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். கதவில் முட்டுவான். ஓடுவான். இது ஒன்றுமே செய்யவில்லை. மூன்று நாளாக ஒரே இடத்தில், ஒரே மாதிரி, அளந்து வைத்ததுபோல ஓரடி பின்னால். தெரியாமல் சாகிறவர்கள் இவ்வளவு சுத்தமாகச் சாவதில்லை.

பிறகு அவனுக்கு மூன்றாம் பாகம் ஞாபகம் வந்தது.

கேம் வந்தது இரண்டாம் பாகம் முடிந்த வருஷம். அதுவரைக்கும் படத்தில் துறைக்காவலன் நல்லவன். மூன்றாம் பாகம் வந்தது அதற்கப்புறம். அதில்தான் தெரியும், இளவரசிக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்த அந்தக் காவலனே அவளுடைய வீட்டை விற்றவன் என்று. அன்றைக்கு அவள் அவன் வாசலில் நிற்பாள். அவன் எண்ணெயை நீட்டுவான். அவள் வாங்காமல் ஓரடி பின்னால் வருவாள். விளக்கு அணையும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தியேட்டரில் ஒரு ஆள் மூச்சுவிடவில்லை.

கேமில் இல்லாத அந்தக் காட்சியைத்தான் லமியா மூன்று நாளாக நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். என்னை வளர்க்கிறவனே என் எதிரி.

அவளை வளர்க்கிறவர், வீரபாண்டியின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, குத்தூசியால் நகத்து அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் ஏன் பேசவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அம்மாவின் பாஸ்வேர்டு இந்த டி.வி.யிலேயே பதிந்து கிடக்கிறது. எதிரே வருவது அம்மாவா சாச்சாவா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு மட்டும் புரிந்து, சாச்சாவுக்குப் புரியாத ஒன்றைச் செய்தாகவேண்டும்.

"பாய்," என்றான். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. "நீங்க மூணாம் பாகம் பார்த்தீங்களா?"

"படமா? இந்த வீட்ல வாப்பா காலத்திலிருந்தே சினிமா கிடையாது. உம்மாவும் மோளும் ஒளிச்சுப் போய்ப் பார்ப்பாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு." பஷீர் எழுந்து அருகில் வந்தார். சுக்கு வாசனை காதருகே நெருங்கியது. "ஏன் கேக்கறே?"

"சும்மா பாய். நல்ல படம். சண்டையெல்லாம் பிரமாதம்."

சுடர் நெல்மணி அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் பனி அவளை முழுங்கும். அப்புறம் நாளைக்கு நான்கு மணி. நாளை என்று ஒன்று அவளுக்கு உண்டோ இல்லையோ.

படத்தில் அந்த இடத்தில் ஓர் ஊமை ஓடக்காரன் வருவான். பேசமாட்டான். தன் விளக்கின் எண்ணெயைத் தரையில் கொட்டிவிட்டு அவள் பக்கத்தில் இருட்டில் நிற்பான். உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம்.

வீரபாண்டி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். ஜுமைலாவின் உருவம் விளக்கைச் சாய்த்தது. எண்ணெய் முழுவதும் மணலில் கொட்டியது.

"எந்தா இது? எண்ணெயை எதுக்குக் கொட்டினே?" பஷீரின் குரலில் அன்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"கை தவறிடுச்சு பாய். பரோட்டாவுக்கு எண்ணெய் ஊத்தின கை. தாராளமா ஊத்திடும்."

திரையில் வெள்ளிமீன் முதல்முறையாகத் திரும்பியது. ஜுமைலாவின் உருவத்தைப் பார்த்தது. ஓரடி முன்னால் வந்தது.

அப்படியே உறைந்தது. பிறகு அழித்துவிட்டதுபோல இல்லாமல் போனது. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் நின்றது. பனி முழுங்கவில்லை. எங்கோ யாரோ சுவிட்சை அணைத்ததுபோல.

"மோளே," என்றாள் ஜுமைலா காதுக்குள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு பதினைந்து.

"பயந்துட்டீங்க தம்பி. முகமெல்லாம் வேர்வை," என்றார் பஷீர். "இன்னொரு சாயா எடுக்கட்டா?"

வீரபாண்டி சங்கரியைப் பார்த்தான். "எனக்குச் சாயா வேண்டாம் பாய்."

மூன்று வருஷத்தில் அவன் சாயாவை வேண்டாமென்று சொல்லிச் சங்கரி கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷனுக்கு முன்னால்கூட ஒன்று கேட்டவன். திரையில் எண்ணெய் வேண்டாமென்று நின்ற பெண்ணை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். 

கட்டிலில், பஷீர் உட்கார்ந்திருந்த இடத்தருகே மல்லாந்து கிடந்த சங்கரியின் போன் 'டிங்' என்றது. மலையாளத்தில் ஒரு மெசேஜ். வீரபாண்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இரண்டு வார்த்தையைத்தான் பிடித்தான். சுள்ளிக்கல். கரண்ட். சங்கரியின் வீடு சுள்ளிக்கல்லில். அங்கே கரண்ட் போகும்போதெல்லாம் அவளுக்கு மின்வாரியத்திலிருந்து மெசேஜ் வரும்.

நான்கு பதினைந்து முதல். வெள்ளிமீன் மறைந்ததும் அதே நிமிஷம்.

பஷீர் மலையாளம் தண்ணீர்போல வாசிப்பவர். அவர் தலை போன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

சங்கரி தன் கைப்பையை அந்தப் போன்மேல் பொத்தென்று வைத்தாள். "கண்டுபிடிச்சாச்சு பாய்."

வேண்டாம் என்று வீரபாண்டி கண்ணைக் காட்டினான்.

"அந்தத் துறையைப் பார்த்தீங்களா? பெரிய ஆறு. நடுவுல மணல்திட்டு. பின்னால பாலம். மூணு நாளா அவ அங்கேயே வந்து நிக்கறா. ஏன்? தான் இருக்கிற இடத்தை உம்மாவுக்குக் காட்டறா." சங்கரி அவ்வளவு நிதானமாகச் சொன்னதில், வீரபாண்டியே ஒரு கணம் நம்பிவிட்டான். "இங்கே ஆறு, மணப்புறம், பாலம், பக்கத்திலேயே ரயில். எது?"

பஷீரின் கண்கள் சுருங்கின. "ஆலுவா."

"ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்ல இருப்பாங்க. ஆறரைக்கு பாலக்காடு வண்டி. முதல் பிளாட்ஃபாரத்துல நின்னா விடமுடியாது."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. காணாமல்போன பிள்ளை கிடைத்த வீட்டில் வரவேண்டிய ஒரு அல்ஹம்துலில்லாஹ்கூட வரவில்லை. கார்ச் சாவியை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. அவ மறுபடி வந்தா எனக்கு விளிக்கணும்."

வெளியே முன்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"அக்கா," என்றான் வீரபாண்டி, "நம்மளைப் பூட்டிட்டுப் போறாரு."

"தெரியுது. நீ முதல்ல என்ன பார்த்தேன்னு சொல்லு."

சொன்னான். இளவரசி, காவலன், விற்ற வீடு, கொட்டிய எண்ணெய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். காதில் இருந்த ஜுமைலாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும் அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"மூணாம் பாகம் நான் பார்க்கலை தம்பி," என்றாள். "இங்க லீவு தரலை. மோளு தினமும் கேட்டா, பார்த்தியா உம்மா, பார்த்தியா உம்மான்னு. அவ சந்தோஷத்துக்குப் பார்த்துட்டேன்னு சொன்னேன். கதையெல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்."

அந்த ஒரு பொய்யை நம்பி மூன்று நாள் செத்திருக்கிறாள் அந்தப் பெண். 

"சுள்ளிக்கல்ல இந்த கேம் எங்கே இருக்கும்?" சங்கரி அவன் போனைப் பிடுங்கினாள். "சீக்கிரம் சொல்லுங்க ஜுமைலா."

"சுள்ளிக்கல்லா? அங்க ஒரு கேம் கடை உண்டு. மழைக்காலத்திலிருந்து அடைச்சுக் கிடக்கு. மோளு அங்க வேலை பார்த்தா. சாச்சாவுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லிட்டு." குரல் உடைந்தது. "சாவி அவகிட்டதான் இருக்கு."

பின்பக்கச் சமையலறை ஜன்னல் வழியாக ஓட்டின்மேல் ஏறி, பக்கத்து வீட்டு மதிலில் இறங்குவது என்று சங்கரி முடிவு செய்தாள். ஓடு ஒவ்வொன்றும் காலுக்கடியில் நறநறத்தது. கீழே, பஷீரின் கோடௌன் வாசலில் இரண்டு பேர் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தால் முடிந்தது கதை. வீரபாண்டி தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு நகர்ந்தான். கைக்குள்ளே ஏதோ ஒரு ஜோக் முட்டி மோதிச் செத்தது.

இறங்கியதும் ஆட்டோ. சங்கரி வழியெல்லாம் போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தாள். வீரபாண்டி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் வருகிற ஒவ்வொரு காரையும் எண்ணினான்.

கடையின் இரும்பு ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. பூட்டு வெளியே இல்லை. சங்கரி தட்டினாள். உள்ளே ஏதோ நகர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"லமியா, உம்மா அனுப்பின ஆளு நாங்க," என்றாள் சங்கரி.

பதிலில்லை. உம்மா அனுப்பிய ஆள் என்று சாச்சாவின் ஆளும் சொல்லலாமே. வீரபாண்டி மண்டியிட்டு, ஷட்டரின் அடியில் வாயை வைத்துச் சொன்னான்: "எண்ணெயைக் கொட்டினது நான்தான் தங்கச்சி."

ஒரு நிமிஷம் கழித்து ஷட்டர் ஒரு சாண் ஏறியது. இடுக்கில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், இருட்டில் தரையில், அசையாமல் கிடந்தன இன்னும் இரண்டு கால்கள். ஆணின் கால்கள்.

வீரபாண்டி மண்டியிட்டபடியே இரண்டடி பின்னால் நகர்ந்தான். 

"மெதுவாத் தூக்குங்க," என்றாள் லமியா. கையில் ஓர் இரும்பு நாற்காலிக் காலைப் பிடித்திருந்தாள். ஒடிசலான பெண். நான்கு நாள் தூங்காத கண்கள். "ஹரிச் சேட்டனுக்கு ஜுரம் கொதிக்குது. தோள்ல ஆழமான குத்து."

ஹரிஷங்கர் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடவில்லை. அவள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். உம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டுச் சாச்சா வீட்டை விற்கப் பத்திரம் தயார் செய்தார். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது ஹரிஷங்கர் மாட்டேன் என்றான், ஷார்ஜாவுக்குச் சொல்லுவேன் என்றான். குத்தூசி இறங்கியது. மூட்டைகளுக்கு நடுவே அவனைப் போட்டுவிட்டுச் சாச்சா தொழுகைக்குப் போனார். அந்த அரைமணி நேரத்தில் லமியா அவனை ஒரு தள்ளுவண்டியில் சாக்கைப் போட்டு மூடித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"எந்த ஆஸ்பத்திரிலயும் சாச்சாவுக்கு ஆளிருக்கும்னு பயம்," என்றாள். "இங்கே இருக்கிற மாத்திரையைக் கொடுத்துக்கிட்டிருந்தேன். போன் இல்ல. உம்மா நம்பர் மனசுல இல்ல. இந்த நெட் மட்டும்தான் இருந்துது."

ஆறேகால் மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்கள். உள்ளே ஹரிஷங்கருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நினைவு வந்து, நடந்ததைச் சொல்லி, புகார்க் காகிதத்தில் பெருவிரல் ரேகையும் வைத்திருந்தான். லமியா உம்மாவிடம் ஒரு தடவை பேசி முடித்தாள்.  வீரபாண்டியின் சட்டைக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வராந்தாவின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் உள்ளே நுழைந்தாலும் அந்தப் பிடி இன்னும் இறுகியது. அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பிடித்துக்கொள்ள அவனுக்கு யாருடைய சட்டையும் இல்லை.

சங்கரியின் போன் அடித்தது. பஷீர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், இங்கே யாரும் இல்ல. லாட்ஜெல்லாம் பார்த்தாச்சு." மூச்சிரைத்தது. பின்னணியில் ரயில் அறிவிப்பு. "நீங்க என்னை ஏமாத்தினீங்களா?"

"ஆமா பாய்."

லமியாவின் நகம் வீரபாண்டியின் கையில் பதிந்தது. 

"நான் இப்போ திரும்பி வரேன்," என்றார் பஷீர், மிக அன்பாக. "அந்தக் குட்டியை நீங்க எத்தனை நாள் ஒளிச்சு வைப்பீங்க?"

"கேரளாவுல ஆறும் பாலமும் ரயிலும் எத்தனை ஊர்ல இருக்கு பாய்," என்றாள் சங்கரி. "நான் ஏன் ஆலுவான்னு உங்களை அனுப்பினேன்? அங்கே கங்கான்னு எனக்கு ஒரு சினேகிதி. போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். அஞ்சரை மணியிலிருந்து முதல் பிளாட்ஃபாரத்துல சாதா சுடிதார்ல நிக்கறா. கையில ஒரு புகார் இல்லாம உங்களைத் தொடமுடியாதுன்னு சொன்னா. பத்து நிமிஷம் முன்னாலதான் புகார் போய்ச் சேர்ந்துது." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க."

ஏதோ ஒரு வண்டி பிளாட்ஃபாரத்துக்குள் நுழையும் இரைச்சல். அதற்கு நடுவே, மிக அருகில், ஒரு பெண்ணின் குரல் பஷீரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. குத்தூசி போல ஏதோ இரும்பு கல்லில் விழுகிற சத்தம், ணங்கென்று. பிறகு லைன் கட்டாயிற்று.

 லமியா வாசலிலிருந்து பார்வையை எடுத்தாள். வீரபாண்டியின் சட்டைக் கையை ஒவ்வொரு விரலாக விட்டாள். பிறகு சுவரோரமாகச் சரிந்து, வெறுந்தரையில், உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள்.